அப்பாவின் கையில் பெயிண்ட்

நான் வேலை பார்க்கும் இங்கிலாந்து முதியோர் இல்லத்தில், பாட்டிமார் பெயிண்ட் அப்பிய விரலாலேயே பிஸ்கட்டை எடுத்துக் கடிக்கிறார்கள். சேர்ந்த புதிதில் நான் ஈரத்துணியோடு ஓடியபோது, என் மேற்பார்வையாளர் சூசன் சிரித்தபடி "லீவ் இட், லவ்", விட்டுவிடு கண்ணு, என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. நினைவு மங்கியவர்களுக்குப் படம் முக்கியமில்லை, கையால் நிறத்தை அளைவதுதான் முக்கியம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

அந்த ஞானத்தையும் பெயிண்ட் டப்பாக்களையும் மூட்டை கட்டிக்கொண்டு விடுமுறைக்கு வந்தேன். மாமல்லபுரம் தாண்டி, கடற்கரைச் சாலையோரம் இருக்கிறது, நினைவு மங்கிய அப்பாவைச் சேர்த்திருக்கும் முதியோர் இல்லம். அங்கும் 'ஆர்ட் கிளாஸ்' உண்டு. குழந்தைகள் வண்ணம் தீட்டும் யானைப் படம் கொடுப்பார்கள். கோட்டைத் தாண்டினால் பணிப்பெண் வசந்தா அதைப் பிடுங்கித் தானே தீட்டி முடித்துவிடுவாள்.

"வூட்டுக்காரங்களுக்கு போட்டோ அனுப்பணும்ல மேடம். கோணலா இருந்தா இன்னா நெனப்பாங்க?"

எனக்கு வந்த யானைகளை, அப்பா தீட்டியவை என்று நம்பி பிரிண்ட் எடுத்து என் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். பற்றிக்கொண்டு வந்தது. "இன்னிக்கு நானே நடத்துறேன்" என்றேன். அன்று இரவு எனக்கு விமானம். அதற்குள் ஒரு தடவையாவது அப்பா என்னை மகளென்று அறிந்து என் கையைப் பிடிக்க வேண்டும்.

அவருடைய உள்ளங்கைகளில் சிவப்பைப் பூசிக் காகிதத்தில் பதிக்கச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். கைகளை உடம்பில் படாமல் நீட்டிக்கொண்டு, "எவனும் கிட்ட வராத!" என்று கத்தினார். சோப்புப் போட்டுக் கழுவினோம். நிறம் போனது, கை மட்டும் கீழே இறங்கவில்லை. சாப்பாடு வந்து ஆறியது.

"மெஷின்ல வெக்காம எப்டி?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அப்பா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தவர். கதிர்வீச்சுப் பகுதியிலிருந்து வரும்போதெல்லாம் கைகால்களைக் கருவியில் வைத்து, அது சுத்தம் என்று காட்டிய பிறகுதான் வெளியே வருவார்கள். அணுபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு இது தெரியாததா? இங்கிலாந்தில் படித்த பாடத்தைக் கொண்டுவந்து இங்கே அவர் கையில் பூசியிருக்கிறேன். என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அப்பா, வெறும் கலருப்பா. நான்தான்..."

"தள்ளிப் போம்மா, உம்மேல பட்டுடப் போவுது. வூட்ல சின்னப் பொண்ணு கீது எனக்கு. இந்தக் கையோட அத்தத் தூக்க முடியுமா?"

அந்தச் சின்னப் பொண்ணு நான்தான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சொல்லியிருந்தால் மகள்மேல் பட்டுவிடுமோ என்று பயந்து இன்னும் தள்ளித்தான் நின்றிருப்பார். கூட வேலை பார்க்கிறவள்போல அவர் கைகளை உற்றுப் பார்த்தேன்.

"க்ளீன் சார். நீங்க போலாம்."

அவர் தோள்கள் தளர்ந்து கைகள் கீழே இறங்கின. "ரொம்ப தாங்க்ஸ்மா" என்று, முன்பின் தெரியாதவர்களிடம் செய்வதுபோல என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு உட்கார்ந்து ஆறிய சோற்றை அவசர அவசரமாகச் சாப்பிட்டார்.

"பொண்ணு காத்துகினு இருக்கும்" என்றார் என்னிடம்.

அவர் மகள் அணுபுரத்தில் அவருக்காகக் காத்திருந்தாள். நான் விமான நிலையம் போக டாக்சிக்குக் காத்திருந்தேன்.