வாங்க என்றால் வரும் நாய்

கூப்பிட்டதும் ஓடி வந்த நாயை அடிக்கிற மனிதனை என்ன செய்யலாம்? சுகுணாவைக் கேட்டால், அவனையும் அதே மாதிரி ஆசையாகக் கூப்பிட்டு, பக்கத்தில் வந்ததும் அதே கம்பால் நாலு சாத்து சாத்த வேண்டும் என்பாள். என்ன செய்வது, அந்த மனிதன் அவளுடைய சொந்த அண்ணன் வடிவேல். அவள் குடியிருப்பதும் அவன் பெயரில் இருக்கிற எஸ்டேட் வீட்டில். புருஷனை விட்டு வந்து ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். தேயிலைக் கொழுந்து பறித்து வாங்குகிற சம்பளத்தில் பாதிக்கு மேல் அந்த வீட்டு அடுப்புக்குத்தான் போகிறது. இருந்தாலும் வீடு அவனுடையது. அதனால் பல நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

நாயின் பெயர் பிரின்ஸ். பெயர் வைத்தவர்கள் மஞ்சூர் பக்கம் ஒரு காட்டேஜை வாடகைக்கு எடுத்து ஆறு மாதம் இருந்த, மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர்கள். குட்டியாக இருந்தபோது மடியில் வைத்துப் படம் எடுத்தார்கள். வளர்ந்து சோபாவைக் கிழித்ததும், சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நாயை மட்டும் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாற்காலியைக்கூட மறக்காமல் எடுத்துப் போனவர்கள்! இரண்டு நாள் அந்தக் கேட்டையே பார்த்தபடி மழையில் கிடந்தது நாய். வேலை முடிந்து வந்த சுகுணா சோற்றுத் தூக்கில் மிச்சம் இருந்ததைப் போட்டாள். அது அவள் பின்னாலேயே, எஸ்டேட் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்துக்கு வந்துவிட்டது.

வந்த நாய் சாதுவான நாய் இல்லை. காயப்போட்ட துணியை இழுத்தது. பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தியது. வடிவேல் ஃபேக்டரிக்குப் போட்டுப் போகிற பூட்ஸில் ஒன்றை நாராகக் கிழித்தது. வடிவேல் அதைத் திருத்தக் கிளம்பினான். அவனுடைய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். "வா, வா" என்று கூப்பிடுவான். அது வாலை ஆட்டிக்கொண்டு வரும். கழுத்தைப் பிடித்து விளாசுவான். காலையில் கிழித்த பூட்ஸுக்குச் சாயங்காலம் அடி விழுந்தால் அந்த வாயில்லாத ஜீவனுக்கு என்ன புரியும்? வந்ததால் அடித்தான் என்றுதான் புரியும். அப்படித்தான் புரிந்துகொண்டது. 'வா' என்ற சத்தம் கேட்டாலே எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தது. "பாரு, சொல்பேச்சு கேக்குதா? திமிரு பிடிச்ச நாய்" என்று அதற்கும் அடித்தான்.

அந்த ஓட்டம் ஒருநாள் வினையில் முடிந்தது. தேயிலைக் காட்டுக்குள் நின்ற ஒரு காட்டுமாட்டை பிரின்ஸ் குரைத்து விரட்டியது. மிரண்ட மாடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒருத்தி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் மோசஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னொரு தடவை நாய் காட்டுமாட்டுக்கிட்டப் போச்சுன்னா, லயத்துல நாய் இருக்கக் கூடாது. எனக்கு வேற வழி இல்லம்மா" என்றார்.

வடிவேல் இன்னொரு தடவை வரைக்கும் காத்திருக்கத் தயாராக இல்லை. "ஞாயித்துக்கிழமை கேரட் லாரில ஏத்தி மேட்டுப்பாளையத்துல எறக்கி விட்டுர்றேன்" என்றான்.

"ஒரு மாசம் குடுண்ணே. நான் பழக்கிடறேன்."

"நீ பழக்கி?" என்று சிரித்தான். ஆனாலும் ஒரு மாதம் கொடுத்தான்.

வெறிநாய்த் தடுப்பூசி போட பிரின்ஸைக் கால்நடை மருந்தகத்துக்குக் கயிறு கட்டித்தான் இழுத்துப் போக வேண்டியிருந்தது. அங்கே இருந்த டாக்டர் மனிஷா சின்னப் பெண், கோயம்புத்தூர்க்காரி. சுகுணா 'வா' என்றதும் நாய் மேஜைக்கு அடியில் பதுங்கியதைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கூப்பிட்டு வெச்சு அடிப்பீங்களா?"

"நான் இல்லீங்க டாக்டர். எங்கண்ணன்."

"யாரு அடிச்சாலும் அதுக்கு அந்த வார்த்தைதானுங்க எதிரி. அதை விட்டுருங்க. புது வார்த்தை ஒண்ணு வெச்சுக்குங்க. அதைக் கேட்டு வந்துச்சுன்னா உடனே புடிச்சதைக் குடுங்க, தட்டிக் குடுங்க. என்ன தப்புப் பண்ணிட்டு வந்தாலும் வந்ததுக்கு அடிக்கக் கூடாதுங்க. வந்தா நல்லதுதான் நடக்கும்னு அது நம்போணும்."

சுகுணா திரும்பி வரும்போது வழியெல்லாம் யோசித்தாள். அடித்தவன் எல்லாம் 'வா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அடிக்கிறவன் எவனும் 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. அன்றைக்கு லயத்து வாசலில் நின்று, நெத்திலிக் கருவாட்டுத் துண்டு ஒன்றை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, "வாங்க" என்றாள்.

லயமே சிரித்தது. "நாய்க்கு மரியாதையைப் பாரு! சம்பந்தி வீட்டு ஆளா?" என்றார்கள். கருவாடு கொடுத்து நாயைக் கெடுக்கிறாள் என்றார்கள். அடிக்கிறபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கருவாடு கொடுத்ததும் ஊருக்கே நியாயம் தெரிந்துவிட்டது! சுகுணா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் இரண்டடி தூரத்திலிருந்து கூப்பிட்டாள். அப்புறம் வாசலிலிருந்து, அப்புறம் குழாயடியிலிருந்து. கோழி குறுக்கே போகும்போதும் கூப்பிட்டாள். வந்தால் கருவாடு, கூடவே காதுக்குப் பின்னால் ஒரு சொறி. வராவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள், கொஞ்சம் கிட்டப் போய் மறுபடி கூப்பிடுவாள். மெல்ல மெல்ல அந்த நாய் அவள் குரலுக்குக் காதைத் தூக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் வடிவேல் அந்தக் காரியத்தைச் செய்தான். பிரின்ஸ் அவனுடைய பனியனை இழுத்துச் சேற்றில் போட்டிருந்தது. அவன் சத்தம் போடவில்லை. கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தங்கச்சியின் குரலிலேயே, "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டான். நாய் நம்பி வந்தது.

அது போட்ட சத்தம் கேட்டுச் சுகுணா ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடித்ததைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். பாடுபட்டுச் சேர்த்த அந்த ஒரு வார்த்தையையும் திருடி அழுக்காக்கிவிட்டானே! திட்ட வாயெடுத்தாள். அவன் வீடு என்ற நினைப்பு வந்தது. விழுங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து மறுபடி இரண்டடி தூரத்தில் ஆரம்பித்தாள்.

வடிவேல் கொடுத்த மாதம் முடிய நாலைந்து நாள் இருந்தது. பனி இறங்கியிருந்த காலை. பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பிரின்ஸ் எப்படியோ கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலைக் காட்டுக்கு வந்துவிட்டது. மேல் சரிவில் ஒரு காட்டுமாடு நின்றது. நாய் அதைப் பார்த்துவிட்டது, குரைத்துக்கொண்டே மேலே ஓடியது. மாடு தலையைத் தாழ்த்தியது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். மோசஸ் கத்தினார், யார் யாரோ "வா, வா" என்று கத்தினார்கள். நாய் இன்னும் வேகமாக ஓடியது.

சுகுணா மட்டும் அதட்டாமல், வாசலில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள். "பிரின்ஸு, வாங்க!"

நாய் நின்றது. மாட்டைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள். வாலைத் தாழ்த்திக்கொண்டு, பின்பு நிமிர்த்திக்கொண்டு, தேயிலைப் பாத்திக்குள் விழுந்தடித்து ஓடி வந்து அவள் காலில் மோதியது. மாடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சோலைக் காட்டுக்குள் போனது. சுகுணா மடியில் முடிந்திருந்த கருவாடு முழுவதையும் கொட்டிக் கொடுத்தாள். மோசஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இந்த நாய் இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வடிவேல் கம்போடு நின்றான். ஃபேக்டரிக்கு எட்டியது பாதிச் செய்திதான். "மறுபடியும் காட்டுமாட்டுக்கிட்டப் போச்சாமே? இங்க வா நாயே."

பிரின்ஸ் சுகுணாவின் சேலைக்குப் பின்னால் போனது. வடிவேல் கம்பை ஓங்கினான். சுகுணா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"போனது மட்டும்தான் காதுல விழுந்துச்சா? கூப்பிட்டதும் மாட்டை விட்டுட்டு வந்துச்சுண்ணே. நம்பி வந்ததுக்கு அடியா? உன் புத்தியே இதுதானா?"

"கம்பை விடு."

"விட மாட்டேன். திருப்பூர்ல இருந்து ஒத்தப் பையோட வந்து இந்த வாசல்ல நின்னேனே, எம்புருஷன் அடிச்ச வீக்கம் அப்ப கன்னத்துல இருந்துச்சே, நீ என்ன கேட்ட? 'எதுக்கு வந்த, தொரத்திட்டானா'ன்னு கேட்ட. அண்ணன் வீடுன்னு நம்பித்தானே வந்தேன்? கம்பு எடுக்கல, அவ்வளவுதான். நாய்க்குக் கம்பு, எனக்கு வாயி!"

வடிவேலின் மனைவி தெய்வம்மா உள்ளேயிருந்து வந்தாள். "மெல்லப் பேசு சுகுணா. அக்கம்பக்கம் கேக்குது."

"கேக்கட்டும் அண்ணி. ஒன்பது வருஷம் மெல்லத்தான் பேசினேன்."

லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. வடிவேல் அதைப் பார்த்தான். கம்பை இழுப்பதை நிறுத்தினான். ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவனைப் போல, "சரி சரி, நாய் இங்கயே கெடக்கட்டும்" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உன்னை இப்ப யாரு போகச் சொன்னா?" என்றான்.

"போகச் சொல்லல. ஆனா நான் வந்தப்ப, வான்னு ஒரு வார்த்தை சொன்னது யாருண்ணே?"

அவள் கம்பை விட்டுவிட்டாள். வடிவேல் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போகிற வழியை மறித்தபடி நின்றான்.