நிலை வைக்காத வீடுகள்

எங்கள் ஊர் ஊருணிக்குக் கிழக்கே ஒரு செம்மண் சரளை மேடு உண்டு. அதில் ஒன்றும் விளையாது. ஆனால் மழை பெய்தால் அங்கே விழுகிற தண்ணீர் அப்படியே சரிந்து ஊருணிக்குள் இறங்கும். ஊரே வருஷம் பூராவும் அதைத்தான் குடிக்கும். அதனால் மேட்டில் ஆடு மேய்க்கக் கூடாது, செருப்போடு நடக்கக் கூடாது, யாரும் வெளிக்கு ஒதுங்கக் கூடாது. மீறினால் தண்ணீருக்கு வரும் பெண்கள் வாயாலேயே உரித்துவிடுவார்கள்.

பர்மாவில் குண்டு விழுந்த பிறகு, பிழைக்கப் போனவர்கள் ஊர் திரும்பினார்கள். என் அண்ணனும் வந்தான். ரங்கூனில் மூட்டை தூக்கி என்னைப் படிக்கவைத்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அவனும் மதினியும் இரண்டு பிள்ளைகளோடு காட்டு வழியே நடக்கத் தொடங்கி, ஒரு பிள்ளையோடு வந்து சேர்ந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே அறை. சித்தப்பா குடும்பமும் அதிலேயே. மதினி பிள்ளையை அணைத்துக்கொண்டு அடுப்படியில் சுருண்டு படுத்தாள்.

இப்படி ஊரில் பல குடும்பங்கள். எல்லோர் கண்ணும் அந்த மேட்டின் மேல் விழுந்தது. தண்ணீர் தேங்காத தரை, ஊருணியும் பக்கத்தில்.

எனக்குத் தூக்கம் போயிற்று. ஊருக்கு மேற்கே சூரைமுள் புதர் மண்டிய புறம்போக்கு இருந்தது. அங்கிருந்து வழிகிற தண்ணீர் ஊருணிப் பக்கம் வராது. அதில் இரண்டு தெரு போடலாம், நடுவே வண்டி போகலாம், நிற்கிற புளியமரங்களை வெட்ட வேண்டியதில்லை. ஆலங்குடியில் தாள் வாங்கிவந்து, கயிறு பிடித்து அளந்து, படமே போட்டேன். அதை ஊர்த் தலைவரான அம்பலகாரர் முன்னால் விரித்தேன்.

"தம்பி, இந்தக் கட்டம்தான் வீடா?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"எல்லாருக்கும் ஒரே அளவா? எம் மாடுக எங்க நிக்கும், ஓம் மடியிலயா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனாலும் பேசிப் பேசி ஒன்றைச் சாதித்தேன். அய்யனார் முன்னால் சூடம் ஏற்றி, மேட்டில் யாரும் வீடு கட்டுவதில்லை என்று ஊரார் அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். மேற்குப் புறம்போக்கை மெள்ளத் திருத்திக்கொள்வதென்றும் பேச்சு. படிப்புக்கு ஒரு பலன் கிடைத்தது என்று அன்று நிம்மதியாக உறங்கினேன்.

மேற்கே புதர் வெட்ட வாருங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். "வாரேன், நீ முன்னாடி போ" என்றார்கள். யாரும் வரவில்லை.

அறுப்பு முடிந்ததும் மேட்டில் ஒரு வைக்கோல் போர் எழுந்தது. போருக்குப் பக்கத்தில் மாடு. மாட்டுக்கு ஒரு கொட்டகை. மாட்டைக் காவல் காக்க ஒரு கட்டில். கட்டிலில் படுப்பவனுக்குச் சோறு கொண்டுபோன பெண்சாதி, அங்கேயே அடுப்பும் கூட்டிவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசையாய்க் கொட்டகைகள். ஒன்றிலும் கதவு நிலை கிடையாது. எங்கள் பக்கத்தில் நல்ல நாள் பார்த்து, மஞ்சள் பூசி, பூச்சுற்றி நிலை வைத்தால்தான் அது வீடு. அதுவரைக்கும் கொட்டகைதான். வாசலுக்குக் கீற்றுத் தட்டியைக் கட்டிக்கொண்டு, அய்யனாரைக் கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கும்பிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுவதாகவே மனசார நம்பினார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் அண்ணனும் மூங்கில் சுமந்து மேடேறினான்.

"நீயுமாண்ணே?"

"நெலை வைக்கலையேடா."

"அடுப்பு எரியுது, பிள்ளை தூங்குது, அப்புறம் அது என்ன?"

"கொட்டகை," என்றான், முகத்தில் ஒரு கள்ளமும் இல்லாமல்.

தாசில் கச்சேரிக்கு மனு எழுதலாமென்று உட்கார்ந்தேன். அண்ணன் பெயரையும் எழுத வேண்டியிருக்கும். தாளை மடித்து வைத்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஊருணித் தண்ணீர் சாணி நிறத்தில் வந்தது. பெண்கள் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசி உரசிப் பார்த்தார்கள். தண்ணீர் தெளிந்தது, வாடை போகவில்லை. மறுபடியும் ஊர் கூடியது. கொட்டகைகளைப் பிரித்து மேற்கே கொண்டுபோவோம் என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

"பிரிக்கலாம் தம்பி, யாரு மொதல்ல பிரிக்கிறது?" என்றார் அம்பலகாரர். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஊருணிக்கு மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, அழுக்குத் தண்ணீரைச் சுற்றித் திருப்பிவிடுவது. புதர் வெட்ட வராத கைகள் அத்தனையும் ஒரே காலையில் மண்வெட்டியோடு வந்தன. மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் முழுவதும் அதோடு போய்விடுமே என்றேன். "மொதல்ல அழுக்கு நிக்கட்டும்" என்றார்கள்.

அடுத்த மழையில் மேட்டுத் தண்ணீர் ஊருணியைச் சுற்றி ஓடி, மேற்கே நான் தெரு வரைந்த புறம்போக்கில் போய்க் குளமாக நின்றது. ஊருணி தெளிவாக இருந்தது. பாதிகூட நிரம்பவில்லை.

மழைக்குள்ளேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலின் கரையை உடைக்கப் போனேன். அண்ணன் கொட்டகையிலிருந்து ஓடிவந்தான்.

"ஒடச்சா சாணித் தண்ணி. ஒடைக்காட்டி தண்ணியே இல்ல. எது வேணும், நீயே சொல்லு. படிச்சவன்ல?"

"கொட்டகையைப் பிரிண்ணே. நீ ஒருத்தன் பிரிச்சா மத்தவங்களும் வருவாங்க."

அவன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் மதினி சட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ நடந்து வந்த தூரம் ஒனக்குத் தெரியாதுடா. இங்கதான் காலை நீட்டிப் படுக்குறா. இனி அவளை எங்கிட்டும் கெளம்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

கரையை உடைக்கக் கை வரவில்லை. மழை விடும்வரை, தண்ணீர் மேற்கே ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பங்குனி பிறக்குமுன்பே ஊருணியின் அடிச்சேறு வெடித்துவிட்டது. மதினி இரண்டு குடங்களோடு அடுத்த ஊர் ஊருணிக்கு நடந்தாள். விடிவதற்குள் போனால்தான் அந்த ஊர்ப் பெண்களிடம் பேச்சு வாங்காமல் திரும்பலாம்.