கட்டிலுக்கு அடியில் மாறும் சத்தம்

அப்பா மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய், மின்சாரம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்து எழுதுவது வேலை. அந்த ஊரில் மீட்டர் பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும். மாடிப்படிக்கு அடியில் மீட்டர் மட்டும் இருக்காது. தூக்கிப் போட மனசு வராத எல்லாமே இருக்கும். கால் ஒடிந்த நாற்காலி, காற்று போன பந்து, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் பொம்மைகள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டுக்குள் தலையை விட்டார். வெளியே வரும்போது சில சமயம் மீட்டர் எண்ணோடு ஒரு கேள்வியும் வரும்.

“அந்தப் பொம்மை வாக்குவம் கிளீனர் சத்தம் போடுமா?”

வேலை நேரத்தில் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது என்பது அலுவலக விதி. அப்பா விதிக்குக் கட்டுப்பட்டவர். சாயங்காலம் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு அதே கதவைத் தட்டுவார். சீருடை இல்லாமல் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது. “காலையில உங்க மாடிப்படிக்கு அடியில இருந்தது நான்தான்” என்று ஆரம்பிப்பார். பாதி வீடுகளில் கதவு அதோடு மூடிவிடும். மீதி வீடுகளில் பொம்மை கிடைக்கும்.

இப்படிச் சேர்ந்தவை ஒரு அறையை நிறைத்தன. கண்ணாடி மூடிக்குள் தெர்மோகோல் உருண்டைகள் குதிப்பவை, விளக்கு எரிபவை, யானை முகம் வைத்தவை. எல்லாம் முழங்கால் உயரம். பெட்டியோடு கிடைத்தால் அப்பா முதலில் பெட்டியைக் கிழித்துப் போடுவார். “பெட்டியில இருந்தா அது சரக்கு. வெளிய வந்தாத்தான் பொம்மை.” நிஜ வாக்குவம் கிளீனர் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. அம்மா இருந்தவரை வருகிறவர்களிடம் சொல்வாள்: “இத்தனை மெஷின் இருக்குது, கூட்டுறது மட்டும் நான்.”

தெருவில் விஷயம் அரைகுறையாகப் பரவியது. செத்துப்போன நிஜ வாக்குவம் கிளீனர்களை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நல்லது செய்ததாக அவர்களுக்கு நினைப்பு. “இது வேற ரகங்க” என்று விளக்கிப் பார்த்து அலுத்துப்போன அப்பா, அவற்றைப் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போனார். அப்பா இறந்த பிறகும் வாசலில் ஒன்று வந்தது. மகள்தான் தூக்கிப் போனாள்.

மகளுக்கு நாற்பத்தைந்து வயது. பம்பு மோட்டார் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். மோட்டாரை ஓட விடுவாள், சத்தத்தைக் கேட்பாள், தேறும் அல்லது தேறாது என்பாள். அப்பாவும் அவளும் பேசிக்கொண்டதெல்லாம் மோட்டார்தான். அவள் ஊருக்கு வரும்போது பழுதான பொம்மையை மேசைமேல் எடுத்து வைத்திருப்பார். அவள் திறந்து, மோட்டாரை மாற்றி, செல் போட்டு ஓட விடுவாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

“ஓடுதுப்பா.”

“ஓடுது. ஆனா சரியில்ல.”

“என்ன சரியில்ல?”

“எங்க போனாலும் ஒரே சத்தம். கட்டிலுக்கு அடியில போனா மாறணும்.”

அவள் விளக்குவாள். நிஜ மெஷின் காற்றை இழுக்கிறது. அதன் வாயைத் திரைச்சீலை அடைத்தால் சத்தம் ஏறும். பொம்மை எதையும் இழுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் போவது அதற்குத் தெரியாது. அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது உன் மோட்டார்” என்பார். இந்த உரையாடல் அவர்களுக்குள் வருஷக்கணக்கில் நடந்தது. ஒரு வார்த்தை மாறியதில்லை.

மருத்துவமனையில்தான் மாறியது.

“எல்லாத்தையும் குடுத்துடு. அந்த ஒண்ணை மட்டும் குடுத்துடாத.”

“எதைப்பா?”

“மொதல்ல வந்தது.”

நர்ஸ் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார். அதற்குப் பிறகு அப்பா எதுவும் சொல்லவில்லை. எந்தப் பொம்மை எந்த வீட்டிலிருந்து எப்போது வந்தது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. தலையோடு போயிற்று.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் “மனசுக்குள்ளயே வைக்காத, அழுதுடும்மா” என்றார்கள். அவள் தலையாட்டினாள். வேலை கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பழைய பொம்மைகளை வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, “பெட்டியெல்லாம் இருக்கா மேடம்?”

“கிழிச்சுப் போட்டுட்டார்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“அய்யோ, அய்யோ” என்று போனிலேயே புலம்பினார். அப்பா இறந்த செய்திக்குக்கூட அவர் அவ்வளவு வருந்தவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். காலையிலேயே அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அறை நடுவில் உட்கார்ந்தாள். ஓடுபவை சுவரோரம். ஓட வைக்கக்கூடியவை ஜன்னலோரம். எதற்கும் தேறாதவை குப்பைக்கான அட்டைப்பெட்டியில்: அறுந்த ஒயர்கள், உடைந்த மூடிகள், உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு தகரக் கூடு. பிறகு ஓடுபவற்றில் பழையது எது என்று தேடினாள். பிளாஸ்டிக் மங்கியிருப்பது, சக்கரம் தேய்ந்திருப்பது, ஸ்க்ரூவின் தலை மழுங்கியிருப்பது. கடைசியில் ஒரு சிவப்பு நிறப் பொம்மை மிஞ்சியது. வலது சக்கரம் பாதிக்கு மேல் போயிருந்தது. எப்போதும் ஒரே பக்கமாக, இடது பக்கமாகத் திரும்பித் திரும்பி எதையோ சுற்றியிருக்கிறது. இவ்வளவு தேய வேண்டுமென்றால் ஒரு குழந்தை அதை உயிராக வைத்திருந்திருக்க வேண்டும். அப்பா சின்ன வயதில் வைத்திருந்தது இதுதான். அதை எடுத்துத் தன் பையருகே வைத்தாள். மனசு கொஞ்சம் ஆறியது.

அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, முழங்கால் வலி, ஆட்டோவிலிருந்து இறங்குவதற்குள் ஆட்டோக்காரரை மூன்று தடவை திட்டியிருந்தாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“இதெல்லாம் என்னடி, ராணுவமா?”

“இன்னிக்கு எடுத்துட்டுப் போறாங்க அத்தை. அப்பாவோடதை மட்டும் வச்சுக்கிட்டேன்.” சிவப்புப் பொம்மையைக் காட்டினாள். “அவர் சின்ன வயசுல வச்சிருந்தது.”

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“இதா? இது உன்னுது.”

“என்னுதா?”

“உனக்கு நாலு வயசு. சாப்பாட்டு மேசையைச் சுத்திச் சுத்தி வந்து எல்லாருக்கும் தலை சுத்த வச்சே. வலது பக்கம் திரும்புன்னா திரும்ப மாட்டே. எல்லாத்துலயும் பிடிவாதம்.”

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். கணக்கில் பிழை இல்லை. ஆள்தான் வேறு.

“அப்ப அப்பாவோடது எது?”

“அவனுக்கு ஏது? எங்க வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, அதுவும் என்னுது. அவனைத் தொடவே விடமாட்டேன்.”

“பாவம், பார்த்துக்கிட்டே இருந்தாரா?”

“ஏன் பார்க்கணும்? அவன்தான் மோட்டார்.”

அவளுக்குப் புரியவில்லை. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “அதுல மோட்டார் கிடையாதுடி. வெறும் தகரம். நான் தள்ளுவேன், உங்கப்பன் பின்னாடியே வந்து உய்ய்ய்யுனு சத்தம் போடுவான். சும்மா இல்ல. கட்டிலுக்கு அடியில போனா குரலை அடக்குவான். திரைச்சீலை பட்டா கீச்சுனு ஏத்துவான். மூச்சு வாங்க நிறுத்தினா, கரண்ட் போச்சான்னு கேப்பேன். உடனே ஆரம்பிச்சுடுவான். மோட்டார் பேசக் கூடாதுன்னு சட்டம் வேற. ஒரு நாள் எங்கம்மா கூப்பிட்டு கூப்பிட்டுப் பார்த்தாங்க, பதிலே சொல்லல. முதுகுல நல்லா வாங்கினான். அடி விழும்போதும் உய்ய்ய்தான்.”

“அந்தத் தகரம் எங்க இப்ப?”

“நான் பெரியவளானதும் குப்பையில போட்டுட்டேன். பின்னால தொங்குற துணிப்பை கிழிஞ்சு, என் பாவாடையை வெட்டி நானே ஒரு பை தச்சு மாட்டியிருந்தேன். தையல்னு சொல்ல முடியாது அதை.”

அவள் எழுந்தாள். குப்பை அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டாள். ஒயர்களுக்கு அடியிலிருந்து அந்தத் தகரக் கூடு மரக் கைப்பிடியோடு வந்தது. பின்னால் நீலப் பூப்போட்ட துணி தொங்கியது. தையல் கோணல்மாணலாக ஓடியது. கவிழ்த்துப் பார்த்தாள். மோட்டாரைப் பிடித்திருக்க வேண்டிய ஸ்க்ரூ ஓட்டைகள் இல்லை. செல் வைக்கும் இடம் இல்லை. காலையில் இதே கையால் திருப்பிப் பார்த்து, மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள் என்று முடிவு செய்திருந்தாள். கழற்றவில்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அத்தை துணியைத் தொட்டாள். கோணல் தையலை விரலால் கடைசிவரை தடவினாள்.

“திருட்டுப் பய. குப்பையில இருந்து எடுத்து வச்சிருக்கான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நான் திருப்பிக் கேப்பேன்ல.”

அத்தை நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். தகரத்தைத் தரையில் வைத்து, மரக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றித் தள்ளினாள். சக்கரம் லேசாகக் கிறீச்சிட்டது. ஜன்னல்வரை போனாள். நின்றாள். திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“என்ன, கரண்ட் இல்லையா?”

மகள் பின்னால் போய் நின்று உய்ய்ய் என்று சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. தேய்ந்த பேரிங் போலக் கரகரத்தது. தொழிற்சாலையில் இப்படி ஒரு மோட்டார் வந்திருந்தால் தேறாது என்று ஓரமாக வைத்திருப்பாள். அத்தை நகர்ந்தாள், அவள் பின்னாலேயே போனாள். அப்பாவின் கட்டில் இன்னும் அங்கேதான் இருந்தது, மெத்தை இல்லாமல். அத்தை சிரமப்பட்டுக் குனிந்து தகரத்தைக் கட்டிலுக்கு அடியில் விட்டாள். அவள் குரலை அடக்கினாள்.

“ம்” என்றாள் அத்தை.

கன்னத்தில் ஈரம் இறங்கியது. துடைத்தால் சத்தம் நின்றுவிடும் என்று விட்டுவிட்டாள்.

வாசலில் கடைக்காரர் நின்றிருந்தார், கையில் மடித்த அட்டைப்பெட்டிகளோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பார்வை தகரப் பொம்மையின் மேலேயே இருந்தது.

“மேடம், இவ்வளவு பழசு நான் பார்த்ததே இல்ல. இதுவும் சேர்த்துத்தானே?”

மோட்டார் பேசாது. அவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். அத்தை திரைச்சீலைப் பக்கம் திருப்பினாள், சத்தம் ஏறியது.