ஆலமரத்திலிருந்து இறக்கிய இளங்கொடி

“‘வளர்’ என்பதற்கு உங்கள் தெருவில் வேறு என்னென்ன சொல் புழங்குகிறது?”

தொண்ணூற்றிரண்டில், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அறிவொளி வகுப்பில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். கிருஷ்ணன்கோவிலில் நடந்த பயிற்சியில் என்னைக் கேட்ட கேள்வி இது. பேணு, ஊக்குவி என்று பாடப்புத்தகத்தில் படித்த இரண்டைச் சொல்லிவிட்டு நின்றேன். எங்கள் தெருவில் யாரும் யாரையும் ஊக்குவித்து நான் கேட்டதில்லை.

எதிர்வீட்டு நூர்னிசா அக்காவைப் பற்றி எழுதினால் அந்தச் சொற்கள் தாமாக வரும் என்று இப்போது தோன்றுகிறது.

சேத்தூரில் பிறந்து, அபுபக்கரைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவர். அபுபக்கர் ராஜபாளையம் சந்தையில் மூட்டை தூக்குபவர். வீட்டை நடத்தியது ஒரு பசு. அதன் பால் விடிந்ததும் பால்கோவா கடைக்குப் போய்விடும். முருங்கைக் கொம்பை நட்டு நுனியில் சாணி அப்பிவிட்டு, “தழைய விட்டிருக்கேன்” என்பார் அக்கா. இறந்துபோன நாத்தனாரின் மகனைக் கூட வைத்துக்கொண்டு, “இவனை ஆளாக்கிவிடணும்” என்பார். யார் வீட்டிலாவது நோஞ்சான் ஆட்டுக்குட்டி கிடந்தால், “குடுங்க, தேத்திரலாம்” என்று வாங்கி வந்துவிடுவார்.

நான் அறிவொளியில் சேர்ந்த வருஷம் ஐப்பசியில் அவருடைய பசு கிடாரிக் கன்று ஈன்றது. சில நாளில் பசு வயிறு ஊதிச் செத்தது. கன்று புட்டிப்பாலைக் கக்கியது, கழிந்தது, பிறகு நிற்க முடியாமல் சாய்ந்தது. அது பிழைத்தால்தான் என்றைக்காவது அந்த வீட்டில் மறுபடி கறவை.

அடுத்த தெரு சௌந்தரவல்லி மாமி வீட்டில் நேர்மாறு. ஈன்ற அன்றே கன்று இறந்துபோக, பசு பாலை அடக்கிக்கொண்டு கறக்க வந்தவரை உதைத்தது.

தன் கன்று சாய்ந்த மறுநாள் காலை நூர்னிசா அக்கா கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போனார். நானும் போனேன். பசு கன்றை மோந்து பார்த்துவிட்டு ஒரே முட்டு. கன்று சுவரோரம் போய் விழுந்தது. பசு நக்கட்டும் என்று முதுகில் உப்பும் வெல்லமும் தடவி விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் முட்டியது.

“அதோட கன்னு வாடை இருந்தா சேத்துக்கிடும்,” என்றார் பால் கறக்கும் சோலைச்சாமி. “செத்த கன்னு கிடந்த சாக்கு, வைக்கோல் ஏதாச்சும் இருக்கா மாமி?”

“தீட்டாச்சேன்னு எல்லாத்தையும் அலம்பிட்டேனே. மாட்டுக்குக்கூட மஞ்சத்தண்ணி விட்டாச்சு.”

“நல்லா அலம்புனீக போங்க. இது நம்ம தொழுவந்தானான்னு மாட்டுக்கே சந்தேகம் வந்திருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. கன்றின் கண் செருகிக்கொண்டிருந்தது. அக்கா அதன் வாயில் விரலை வைத்தார். அது சப்பவில்லை.

“மாமி, இளங்கொடியை எங்க கட்டினிய?”

ஈன்ற பின் மாடு போடும் நஞ்சுக்கொடிதான் இளங்கொடி. அதை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆலில் பால் வடிவதுபோல மடியிலும் வடியும் என்பது நம்பிக்கை. மாமி வீட்டு மூட்டை கண்மாய்க்கரை ஆலில் தொங்கியது.

மாமிக்குப் புரிந்துவிட்டது. “அதெல்லாம் கூடாதுடி. ஏத்தினதை இறக்கினா மடி வத்திப்போயிடும்.”

“இப்ப மட்டும் குடங்குடமா ஊத்துதாக்கும்.”

மாமியின் முகம் சிவந்தது. “உன் கன்னுக்காக என் மாட்டைக் கெடுத்துக்கச் சொல்றியா?”

அக்காவின் குரல் இறங்கியது. “எல்லாம் செஞ்சு பாத்துட்டேன் மாமி. என்னால தேத்த முடியலை. ஒங்க மாடு நெனச்சாத் தேத்திரும். மடி வத்திப்போச்சுன்னா இந்தக் கன்னை நீங்களே வச்சுக்கோங்க.”

“பொழைச்சாத்தானே கன்னு,” என்றார் சோலைச்சாமி.

மாமி வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். பசு கத்தியது. கன்று போனதிலிருந்து விடாமல் கத்திக்கொண்டிருந்த பசு அது. மாமி கொல்லையில் சாத்தியிருந்த தொரட்டியை எடுத்துவந்து சோலைச்சாமியிடம் நீட்டினார். “போய் இறக்கிண்டு வா. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

அவர் வருவதற்குள் கன்றின் தலை இரண்டு முறை தொங்கிவிட்டது. மூட்டையைப் பிரித்தபோது வந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அக்கா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, கொடியைக் கன்றின் தலையிலிருந்து வால்வரை தேய்த்தார். பிறகு கன்றைப் பசுவின் முன்னால் நிறுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டார். பசு முட்டினால் முதலில் அவர்மேல்தான் படும்.

பசு மோந்தது. கொம்பு தாழ்ந்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

பசு நீளமாக மூச்சு விட்டது. நாக்கை நீட்டிக் கன்றின் நெற்றியை நக்கியது. பிறகு முதுகை, வயிற்றை. நிறுத்தவே இல்லை. அக்கா கன்றின் வாயைக் காம்பில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதன் தொண்டை அசைந்தது.

“பால் இறங்குது,” என்றார் சோலைச்சாமி மெதுவாக.

மடி வற்றவில்லை. பால் மறக்கும்வரை கன்று மாமியின் தொழுவத்திலேயே நின்றது. அக்கா தினமும் புல்லுக்கட்டோடு போய்வருவார். போன தையில், தொண்ணூற்றாறில், அக்கா வீட்டில் அது தன் தலை ஈத்துக் கன்றை ஈன்றது.

கறவை வைத்திருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கன்று செத்தால் தொழுவத்தை உடனே அலம்ப வேண்டாம், தெருவில் தாயில்லாக் கன்று கிடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள் என்று சொல்லுங்கள். யோசனையாக மட்டும் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். மாமி தொரட்டியை எடுத்துக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.