சேதி இல்லை என்று சொல்ல வருபவர்

"சேதி ஒண்ணும் இல்ல தம்பி. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மூன்றாவது மாடி வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சாவியக்கா இதைச் சொல்லிவிடுவார். செருப்பைக் கழற்ற மாட்டார். அச்சகக்காரரின் மனைவி தண்ணீர் கொடுத்தால் நின்றபடியே அண்ணாந்து குடித்துவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி இறங்கிப் போய்விடுவார். மறுநாள் காலை அடுப்பில் பால் பொங்கும் நேரத்துக்குப் படியில் மறுபடியும் அதே செருப்புச் சத்தம் கேட்கும்.

"இதுக்கு ஒரு போன் போட்டா போதாதாக்கா? முட்டி வலியோட எதுக்கு ஏறி வர்றீங்க?" என்று அச்சகக்காரர் ஒருமுறை கேட்டே விட்டார்.

"போன்ல சொன்னா, இவ எதையோ மறைக்கிறாளோன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பீங்க. நேர்ல வந்தா என் மூஞ்சியப் பார்த்துக்கலாம்ல?"

"சரி, உள்ள வந்து உக்காந்தாவது சொல்லுங்க."

"செருப்பைக் கழட்டினா உக்காரணும். உக்காந்தா ஆறுதல் சொல்லணும். ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சா பொய் தன்னால வந்துடும் தம்பி. காரியம் முடியட்டும், கழட்டறேன்."

வீடு விற்றுக் கொடுப்பதும் வாங்கிக் கொடுப்பதும் சாவியக்காவின் தொழில். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவரே சற்று யோசித்துத்தான் சொல்வாரோ என்னவோ. அறுபதைத் தாண்டியவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஊர்ப்பட்ட சாவிகள். பையைப் பார்க்காமலே கையை விட்டுத் துழாவி, வேண்டிய வீட்டுச் சாவியை எடுத்துவிடுவார். எந்த வீட்டுக்குள் போனாலும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து தண்ணீரில் கையை நீட்டுவார். "சுவருக்குப் பெயிண்ட் அடிச்சு ஏமாத்தலாம். குழாய்க்கு என்ன அடிப்பாங்க?" வாங்க வருகிறவர்களிடம் வீட்டின் குறையைத்தான் முதலில் சொல்வார். அச்சகக்காரரின் வீட்டைக் காட்டும்போதும் அப்படித்தான். "மேற்கு ஜன்னல்ல சாரல் அடிக்கும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் தேடக் கூடாது." பக்கத்தில் நின்ற அச்சகக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த அம்மாள் விற்க வந்தாரா கெடுக்க வந்தாரா என்று நினைத்தார். ஆனால் பார்க்க வந்த பேருந்து ஓட்டுநரும் அவர் மனைவியும் அந்த ஜன்னலருகிலேயே நின்று, வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

அச்சகக்காரருக்கு வீட்டை விற்கும் ஆசையெல்லாம் கிடையாது. மகளுக்காகத்தான் விற்கிறார். மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், போன வருடம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். படி என்றால் முடியாது. மருத்துவமனைக்குப் போவதென்றால் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். இறங்கி முடியும்வரை அவள் கண்ணைத் திறக்க மாட்டாள். ஒருநாள், "இனிமே என்னை யாரும் தூக்க வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வெளியே வரவே இல்லை.

அதனால்தான் இரண்டு தெரு தள்ளி ஒரு தரைத்தள வீட்டைப் பேசி வைத்திருந்தார்கள். மெத்தைக் கடைக்காரர் ஒருவருடையது. இந்த வீடு கைமாறினால்தான் அந்த வீடு. மெத்தைக் கடைக்காரரும் ஒரு கெடு வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டியாகிவிட்டது. பதிவுக்கு முதல் நாள் ஓட்டுநருக்குக் கடன் கொடுக்கும் வங்கி கையை விரித்தது. காரணம் ஒரே ஓர் எழுத்து. ஓட்டுநரின் மனைவிக்குப் பழைய காகிதங்களில் அப்பாவின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தவற்றில் கணவரின் முதலெழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வக்கீலிடம் எழுதி வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதமும் வங்கியில் ஏதோ ஒரு மேசையில் போய்ப் படுத்துக்கொண்டது. காலமெல்லாம் அச்சுப்பிழை பார்த்தே கண்ணாடி தடித்துப்போனவர் அச்சகக்காரர். ஓர் எழுத்து மாறினால் அர்த்தம் மாறும் என்பது அவருக்குத் தெரியும். ஆளே மாறிவிடுவார் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டார்.

இரண்டு வீட்டுக் கெடுவும் தாண்டியது. பெட்டிகளுக்கு நடுவே குடித்தனம் நடந்தது. ஒரு கரண்டியைத் தேடப் போய் அவரும் மனைவியும் வாய்ச்சண்டையில் இறங்கினார்கள். மகள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

அந்த நேரம் பார்த்து வேறொரு தரகர் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். கடன் கிடன் எதுவும் வேண்டாம், கையில் ரொக்கம், இந்த வாரமே பதிவு என்றார். "கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துடுங்க" என்றாள் மனைவி. மறுநாள் வாசலில் வந்து நின்ற சாவியக்காவிடம் அச்சகக்காரர் வெடித்தார்.

"நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

சாவியக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். "டிரைவருக்குக் குடுத்த கெடு முடிஞ்சுபோச்சு தம்பி. அவர் குடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டா நீங்க யாருக்கு வேணா விக்கலாம். உங்க மேல ஒரு தப்பும் கிடையாது. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"அவ்வளவுதானா?"

"டிரைவரு நல்ல ஆளு. எழுத்துதான் தகராறு பண்ணுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மத்தபடி சேதி ஒண்ணும் இல்ல." தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிவிட்டார்.

அச்சகக்காரர் நேரே மெத்தைக் கடைக்குப் போனார். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்கலாம் என்று எண்ணம். கடைக்காரர் பஞ்சு ஒட்டிய மீசையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எதுக்குய்யா வந்தீங்க? இப்பதான் அந்தம்மா வந்துட்டுப் போச்சு."

"எந்தம்மா?"

"சாவியக்காதான். தினமும் காலையில வந்து வாசல்ல நிக்கும். 'சேதி ஒண்ணும் இல்ல, அதைச் சொல்லத்தான் வந்தேன்'னும். நான் கன்னாபின்னான்னு திட்டுவேன். திட்டி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டுட்டு, 'நாளைக்கு வரேன்'னு போயிடும். இங்கேருந்து அந்த டிரைவர் வீட்டுக்கு வேற போவுது. அவர் சம்சாரம் தெனம் ஒரு பாட்டம் அழுவுதாம், அதையும் நின்னு கேட்டுட்டுத்தான் வருதாம், அந்தத் தெருவுல சொன்னாங்க." கடைக்காரர் ஊசியைத் தலையணையில் குத்திவைத்தார். "வீட்டைக் கேட்டு எனக்கும்தான் ஆள் வந்தாங்க. இப்படி ஒருத்தி நடுவுல நடந்துக்கிட்டு இருக்கறப்ப எப்படிய்யா மாத்திக் குடுக்கறது?"

அச்சகக்காரர் கடையை விட்டு இறங்கினார். மூன்று வீட்டுக் கோபத்தையும் பயத்தையும் ஒரே ஆள், அந்த முட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் சுமந்து நடந்திருக்கிறார். ஒரு வீட்டில் வாங்கிய ஏச்சில் ஒரு சொல்லைக்கூட அடுத்த வீட்டில் இறக்கியதில்லை. மனிதரில் இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. தெருவில் நின்றபடியே அந்த ரொக்கக்காரரைப் போனில் அழைத்து, வேண்டாம் என்று சொன்னார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அது வேறு கதை.

காகிதம் எப்படி நகர்ந்தது என்பதைப் பதிவு அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஓட்டுநர்தான் சொன்னார். சாவியக்கா அவரையும் அவர் மாமனாரையும் மனைவியையும் வங்கிக்குக் கூட்டிப்போய், மேலாளர் மேசைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினாராம். "சார், இவர் பழைய எழுத்து. இவர் புது எழுத்து. ரெண்டு எழுத்தையும் நேர்லயே கொண்டாந்துட்டேன். பொண்ணு ஒண்ணுதான், நீங்களே எண்ணிப் பார்த்துக்குங்க." மேலாளர் சிரித்து அடங்க நேரமானதாம். பிறகு அவரே எழுந்துபோய் அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தாராம்.

கையெழுத்தெல்லாம் முடிந்ததும் சாவியைச் சாவியக்கா தொடவில்லை. அச்சகக்காரர் கையாலேயே ஓட்டுநரின் மனைவி கையில் வைக்கச் சொன்னார். "மேற்கு ஜன்னல் ஞாபகம் இருக்குல்லமா?" என்று கேட்டுவிட்டு, வேறு யாருக்கோ வீடு காட்டக் கிளம்பிவிட்டார்.

மகளைக் கடைசித் தடவையாக நாற்காலியில் தூக்கி இறக்கினார்கள். இந்த முறை அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.

புது வீட்டில் முதல் காலை. அச்சகக்காரர் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுக் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். மனைவி அடுப்படியில் இருந்தாள். பால் பொங்கும் நேரத்துக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் எழுவதற்குள் கூடத்தில் வாக்கர் டக் டக்கென்று நகர்ந்தது.

"நான் திறக்கறேன்ப்பா."

கதவைத் திறந்தவளைச் சாவியக்கா எதிர்பார்க்கவில்லை. வாய் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டது. "சேதி ஒண்ணும்…" என்றவர், அதற்கு மேல் சொல்லாமல் அவளையே பார்த்தார். அவள் வாக்கரோடு ஒதுங்கி வழிவிட்டாள்.

சாவியக்கா தோள்பையை இறக்கி வைத்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முட்டியை மெல்ல மடக்கிக் குனிந்து, செருப்பைக் கழற்றினார்.