அசை போடாத குதிரை

குதிரை வேண்டும் என்று நான் முதலில் கேட்டபோது அய்யா சிரிக்கவில்லை. களத்தில் மிளகாய்ப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தவர், "எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். பார்க்க வேண்டும் என்றேன். அது உண்மை. அதுவரை நான் கிட்ட நின்று பார்த்தவையெல்லாம் அய்யனார் கோயில் மண் குதிரைகள்தான். அவை வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. மாட்டுக்கு முன்பக்கம் மேல்பல் கிடையாது என்பது எனக்குத் தெரியும். நிஜக் குதிரைக்கு உண்டா, அல்லது அது குயவர் சேர்த்த பல்லா என்பது என் சந்தேகம்.

"பாக்குறதுக்குன்னு யாராச்சும் குதிரை வாங்குவாகளா? மொதல்ல சாயங்காலம் கோழியை ஒழுங்கா அடை" என்றார் அய்யா.

அம்மாவின் மறுப்பு வேறு. எங்கள் ஊர் முதுகுளத்தூருக்குத் தெற்கே இருந்தது. குடிக்கிற தண்ணீர் ஊருணியில் மட்டும்தான். "அது குடிக்கிற தண்ணியில நம்ம வீடே குடிச்சிட்டுக் குளிச்சிரும். யாருடி சுமக்குறது?" என்று கேட்டாள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பஸ் ஓடத் தொடங்கியதும் எங்கள் பக்கத்தில் ஜட்கா என்ற குதிரை வண்டியில் ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பு, அம்மா பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வண்டி கொண்டுவந்தவர் ஒரு ராவுத்தர். அவரும் அய்யாவும் மச்சான், மாப்ளே என்று முறை வைத்துப் பேசுவார்கள். பாம்பனில் இருந்த அவருடைய தங்கை வீட்டில் அந்தக் கோடையில் ஒரு நிக்காஹ் வந்தது. பாம்பனுக்கு ரயில் பாலம்தான். குதிரையை ஓட்டிப் போக வழியில்லை. அவர் குதிரையை எங்கள் வீட்டுக்குப் பிடித்துவந்தார். பழுப்பு நிறத்தில் ஒரு மட்டக்குதிரை.

"நான் வர்ற வரைக்கும் இங்கன நிக்கட்டும் மச்சான். பிடிச்சிருந்தா நீங்களே வச்சுக்கங்க. பஸ்ஸு வந்த பொறவு இது எனக்குச் சோறு போடல. நான்தான் இதுக்குப் போடுறேன்."

அய்யா என்னைப் பார்த்தார். "மாமா வர்ற வரைக்கும் நீ பாத்துக்க. மேனி வாடாம ஒப்படைச்சேன்னா வாங்குறதைப் பத்திப் பேசுவோம்" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "தண்ணி அவதான் எடுக்கணும். என் குடத்தைத் தொடக் கூடாது" என்று சத்தம் கொடுத்தாள்.

கொள்ளை ஊறவைத்துக் கொடு, புல்லை உதறிப் போடு, பின்னால் போய் நிற்காதே. ராவுத்தர் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்.

மேல்வாயில் பல் இருந்தது. அது தெரிந்த பிறகு பார்க்க வேண்டியவை கூடின. மேலுதடு ஒரு விரலைப் போல வேலை செய்தது. கொள்ளை எடுத்துக்கொண்டு நடுவில் கிடந்த கல்லை விட்டுவிட்டது. ஒரு காது என் பக்கம் இருக்கும்போது இன்னொரு காது மாடுகளின் பக்கம் திரும்பியது. நின்றபடியே கண் சொக்கியது. வாய் உடைந்த பழைய குடம் ஒன்றில் தண்ணீர் சுமந்து ஊற்றிய நேரம் போக, தொழுவிலேயே இருந்தேன். ராத்திரியில் அய்யாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், தொழு வாசலிலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

ஒரு மத்தியானம் அய்யா தொழுவுக்கு வந்தார். மாடுகள் படுத்து அசை போடுகிற நேரம். அந்த வேளையில் அங்கே கேட்பது அந்தச் சத்தம் மட்டும்தான். அய்யா குதிரையின் எதிரே வந்து நின்றுவிட்டார்.

"ஏத்தா, இது அசை போட்டுச்சா?"

"இல்லைய்யா."

"காலையில?"

"வந்ததுலேருந்தே போடலய்யா."

அவர் முகம் மாறியது. அசை நின்றால் மாட்டுக்கு நோக்காடு. எங்கள் ஊரில் இது யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லாத விஷயம். "வந்ததுலேருந்தா? ஏன் சொல்லல? இதுதான் நீ பாத்துக்கிட்ட லச்சணமா?" என்றவர் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா குதிரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "தண்ணி காட்டாம விட்டியாடி? ஊரான் வீட்டுச் சீவன்டி அது!"

மிளகு, பூண்டு, ஓமம், வெற்றிலை எல்லாம் அம்மியில் அரைபட்டன. மாட்டுக்கு மருந்து ஊற்றும் மூங்கில் குழாயை அய்யா எடுத்துவந்தார். மாடு என்றால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கலாம். இதற்குப் பிடிக்க மூக்கில் எதுவும் இல்லை. குதிரை ஒரு முறை தலையை உதறியது. பாதி மருந்து அதன் நெஞ்சிலும் மீதி அய்யாவின் நெஞ்சிலும் வழிந்தன.

"அய்யா, அது புல்லு திங்குது, சாணி போடுது. சொகமாத்தான் இருக்கு" என்றேன்.

"அசை போடாத மாடு சொகமா இருந்து நீ எங்க பாத்த?"

"இது மாடு இல்லையே."

அய்யா முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் முதுகுளத்தூர்ச் சந்தை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஜட்காக்கள் நிற்கும். அங்கே வந்து மற்றக் குதிரைகளின் வாயைப் பார்க்கும்படி கேட்டேன். ராவுத்தர் வருவதற்குள் குதிரை நோக்காடு இல்லாதது என்று காட்டாவிட்டால், வாங்குகிற பேச்சே எழாது.

மறுநாள் மிளகாய் மூட்டையை இறக்கிவிட்டு இருவரும் போய் நின்றோம். நான்கைந்து குதிரைகள். அய்யா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வாயைப் பார்த்தார். அது அசை போடுமா என்று வாய்விட்டுக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. ஊரில் மாட்டு வைத்தியத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்ன மாமா, ஜோசியம் பாக்குறீகளா?" என்றார் ஒரு ஜட்காக்காரர்.

"வாயையே பாக்குறாரு. எப்படா பேசும்னு நிக்காரு போல" என்றார் இன்னொருவர்.

"சும்மாத்தான்" என்றார் அய்யா. வேர்த்துக்கொண்டிருந்தாலும் நகரவில்லை. சற்றுத் தள்ளி எங்கள் வண்டி மாடுகள் அவிழ்த்துவிட்ட இடத்தில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. அய்யா அவற்றைப் பார்த்தார், குதிரைகளைப் பார்த்தார், மறுபடி அவற்றைப் பார்த்தார். ஒரு குதிரையின் தாடைகூட அசையவில்லை.

திரும்பும்போது வண்டி ஊர் எல்லையைத் தொட்டது. அப்போது அய்யா சொன்னார்: "ஒனக்குப் பொறுப்பு இருக்கு."

"அப்ப வாங்கலாமாய்யா?"

"வேண்டாம். எனக்குத்தான் வெவரம் பத்தாது." மாடுகளைத் தட்டிவிட்டார். "மாட்டுக்கு மேலுக்குச் சொகமில்லைன்னா அசையைப் பாத்துச் சொல்லுவேன், படுக்கையைப் பாத்துச் சொல்லுவேன். இது அசையும் போடல, படுக்கவும் மாட்டேங்குது. நல்லா இருக்குறப்பவே மருந்து ஊத்தப் போனேன். நெசமாவே நோக்காடு வந்தா எதைப் பாத்துக் கண்டுபிடிக்கிறது? ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். நான் கொண்டுவந்த சாட்சியே என் வழக்கை முடித்துவிட்டது.

வீட்டில் அம்மா எனக்காகப் பேசினாள். "வாங்கிக் குடுத்தாத்தான் என்னவாம்? ஒரு நாளாச்சும் என் குடத்தைத் தொட்டாளா?" அய்யா அசையவில்லை.

ராவுத்தர் ஓலைப்பெட்டியில் கருவாட்டோடு வந்தார். குதிரையைத் தடவிக்கொடுத்தவர் கையை முகர்ந்தார். "பூண்டு வாடை அடிக்குதே?"

"சமையக்கட்டு வாடையா இருக்கும்" என்றாள் அம்மா.

வாங்கவில்லை என்று அய்யா சொன்னார். "ஏன் மச்சான், எதுவும் கொறையா?"

"குதிரையில ஒண்ணும் கொறையில்ல மாப்ளே." கயிற்றை அவிழ்க்கும்போது, வேறு எதையோ பேசுவதுபோல, "ஆமா, இது படுக்குமா?" என்று கேட்டார்.

"ஓ, படுக்குமே. புது எடத்துல யாராச்சும் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தா மட்டும் படுக்காது."

அய்யா என் பக்கம் திரும்பினார். தொழு வாசலில் என் பாய் சுருட்டி வைத்தபடி இருந்தது. குதிரை தெருவில் இறங்கிப் போய்விட்டது.

அடுத்த சந்தையன்று நான் கேட்காமலே அய்யா வண்டியை ஜட்கா நிற்கும் பக்கம் திருப்பினார். இந்த முறை கிட்டே போகவில்லை. எட்டத்தில், ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, பேசாதே என்று எனக்குக் கை காட்டினார்.