தேங்காய் துருவாத வருஷம்

மாத்தளை டவுனில் வாசனைச் சரக்கு ஸ்டோர் ஒன்றில் மிளகு புடைக்கிறவள் அழகாயி. தூக்க ஆளில்லாத நாட்களில் மூட்டைகளையும் அவளே இழுத்து அடுக்குவாள். மற்ற நேரமெல்லாம் அவள் தன் வீதியின் மாதர் சங்கத் தலைவி. சங்கம் என்றதும் கட்டடத்தைத் தேடிப் போகவேண்டாம். மழைக்கும் வெயிலுக்கும் பந்தலாகக் கட்டுகிற பெரிய தறப்பாள் ஒன்று, கொஞ்சம் பிளாஸ்டிக் கதிரைகள், தேநீர் காய்ச்ச ஒரு கிடாரம், அவ்வளவுதான் சொத்து. ஆனால் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பது அந்தத் தறப்பாள்தான். கோயில் வீடு, பள்ளிவாசல் வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. அழகாயி தறப்பாளைக் கட்டுவாள், செயலாளர் நூருன்னிஸா தேத்தண்ணி ஊற்றுவாள்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி மட்டும் விளையாட்டுக் கழகத்து இளவட்டங்களின் ராஜ்ஜியம். கயிறு இழுத்தல், வழுக்கு மரம், சைக்கிள் ஓட்டம் எல்லாம் ஆண்களுக்கு. பெண்களுக்குத் தேங்காய் துருவுதல். வருஷா வருஷம் அழகாயிதான் ஜெயிப்பாள். வருஷா வருஷம் ஒரு பிளாஸ்டிக் பேசின் கொடுப்பார்கள். குழாயில் தண்ணீர் வராத நாட்களிலும் அவள் வீட்டில் பேசினுக்குக் குறைவில்லை.

போன வருஷம்தான் அவளுக்கு உறைத்தது. பேசினைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் பின்பக்கமாகப் போனவள், கழகத்துப் பையன்கள் மத்தியானச் சோற்றுக்கு வட்டமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். தட்டு நிறையத் தேங்காய்ச் சம்பல். அவள் துருவிய தேங்காய்! போட்டி என்று பெயர் வைத்து இத்தனை வருஷமும் சமையல் வேலையல்லவா வாங்கியிருக்கிறார்கள்? வந்த ஆத்திரத்தில் பேசினை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

இந்த வருஷம் சங்கக் கூட்டத்தில் ஒரே போடாகப் போட்டாள். "நம்ம யாரும் தேங்கா துருவப் போறதில்ல. கயிறு இழுக்கணும். குடுத்தா விளையாடுவோம், இல்லாட்டி சும்மா உக்காந்திருப்போம்."

கழகத் தலைவன் விஜேந்திரன் அதைக் கேட்டுச் சிரித்தான். "பொம்பளைங்க விழுந்து கைகால ஒடச்சிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

மிளகு மூட்டை இழுக்கிறபோது யாரும் கேட்காத கேள்வி இது. சிரித்ததோடு அவன் நிற்கவில்லை. தேங்காய் துருவுவதற்கு இம்முறை பரிசு கேஸ் அடுப்பு என்று போஸ்டர் அடித்து ஒட்டினான்.

அடி சரியான இடத்தில் விழுந்தது. அழகாயி வீட்டில் இன்றைக்கும் விறகடுப்புதான். ஈர விறகை ஊதி ஊதி அவள் கண் எப்போதும் சிவந்தே கிடக்கும். துருவ உட்கார்ந்தால் அடுப்பு அவளுக்குத்தான் என்பது வீதிக்கே தெரியும். கடைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டும் வந்தாள். ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

போட்டியன்று மேசை மேல் அடுப்புப் பெட்டி இருந்தது. கீழே தேங்காய் துருவிகள் வரிசையாக இருந்தன. விசில் ஊதினார்கள். ஒரு பெண்ணும் எழும்பவில்லை. மைக்கில் அழகாயியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் விஜேந்திரனே பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அக்கா, நீங்க மட்டும் வந்து ஒரே ஒரு தேங்காயத் துருவுங்க. அடுப்பு ஒங்களுக்குத்தான். எதுக்கு இந்த வீம்பு?"

அழகாயி பெட்டியைப் பார்த்தாள். சங்கத்துப் பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கயிறு குடுப்பீங்களா தம்பி?"

"கயிறு கழகத்தோடது அக்கா."

"அப்ப சரி. நூருன்னிஸா, நம்ம கயித்த எடுத்துட்டு வா."

நூருன்னிஸா கொண்டுவந்தது தறப்பாள் கட்டுகிற தடித்த கயிறு. மைதானமே பதறிப்போயிற்று. "ஐயோ, சாவு வீட்டுக் கயிறு! நல்ல நாள் அதுவுமா!"

"ஆமா, சாவு வீட்டுக் கயிறுதான்." அழகாயியின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. "ஒங்க அம்மா போன அன்னிக்கிக் கொட்டுற மழையில நான்தான் மரத்துல ஏறி இதக் கட்டினேன் தம்பி. நான் விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு அன்னிக்கி நீங்க கேக்கலியே?"

விஜேந்திரனின் முகம் தொங்கிப்போயிற்று. ஓடிப்போய்க் கழகத்துக் கயிற்றைத் தூக்கிவந்து அவள் முன்னால் போட்டான். "இந்தாங்கக்கா, இத எடுத்துக்கிங்க. அத மட்டும் கொண்டு போயிடுங்க."

"வேணாம். எங்க கயிறு எங்களுக்குப் போதும்."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்தார்கள். மூச்சைக் கட்டி இழுத்தார்கள். அழகாயியின் பக்கம் தோற்று, மொத்தமாகக் குப்புற விழுந்தது. மண்ணோடு எழுந்து அவள் சிரித்த சிரிப்பை அந்த வீதி அதுவரை கேட்டதில்லை. யாரும் ஜெயிக்காத அடுப்பைக் கடைக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆட்டோவில் அது போவதைப் பார்த்தபோது மட்டும் அவளுக்கு வயிறு எரிந்தது.

"அடுப்பும் போச்சு, கையும் கிழிஞ்சிச்சு. என்னக்கா கெடச்சிச்சு?" என்றான் விஜேந்திரன்.

அழகாயி உள்ளங்கை ரத்தத்தைச் சேலையில் துடைத்தாள். "அடுத்த வருசம் கயித்துக்கு அந்தப் பக்கம் நீங்க நிக்கணும் தம்பி. இப்பவே நல்லாச் சாப்பிட்டு ஒடம்பத் தேத்துங்க."